குப்ருஸ் தீவும் எட்டு அறிஞர்களின் மறுமொழியும்

இமாம் அபூ உபைது காஸிம் இப்னு ஸல்லாம் (ரஹ்) அவர்களின் 'கிதாபுல் அம்வால்' என்னும் பெருநூலை, ஸகாத், கராஜ், ஜிஸ்யா ஆகியவற்றின் சட்டங்களைத் தேடுவோரே பெரும்பாலும் புரட்டுவது வழக்கம். வரி விகிதங்களும் நில வகைகளும் நிறைந்த அந்நூலின் நடுவே, எதிர்பாராத இடத்தில், ஓர் ஆளுநரின் அலுவலகத்திலிருந்து வெளிவந்த கடிதக் கட்டு ஒன்று கிடக்கிறது. அதை ஓதும்போதெல்லாம் நாம் சற்று நின்றுவிடுகிறோம். சட்டநூல் மறைந்து, எல்லைப்புற மாகாணமொன்றின் கச்சேரி நம் கண்முன் எழுகிறது. கடலுக்கு அப்பால் ஒரு தீவு. அத்தீவு மக்கள் உடன்படிக்கையை மீறிவிட்டனர் என்ற ஐயம். அவர்கள்மீது படை செலுத்தலாமா என்று ஆளுநர் கேட்கிறார். தம் காலத்தின் மிகச் சிறந்த மார்க்க அறிஞர்கள் எண்மர் மறுமொழி எழுதுகின்றனர்.

அக்கடிதங்கள் ஆளுநரின் 'தீவான்' என்னும் ஆவணச் சாலையிலிருந்து எடுக்கப்பட்டிருக்கத் தாம் கண்டதாகவும், அவற்றின் கருத்தைச் சுருக்கித் தருவதாகவும் அபூ உபைது அவர்களே சொல்லுகிறார்கள். அன்னார் ஹிராத்தில் பிறந்தவர்கள். அவர்களுடைய தந்தை ஒரு ரூமி அடிமை. பிற்காலத்தில், ரூம் எல்லையை ஒட்டிய தர்ஸூஸ் நகரில் 18 ஆண்டுகள் காஜியாக இருந்தார்கள். குப்ருஸ் விவகாரம் அவர்களுக்கு ஏட்டுச் சுரைக்காய் அன்று. தாம் தீர்ப்பு வழங்கிய ஊரின் எதிர்க் கடலில் இருந்த தீவு அது. இன்று நாம் சைப்ரஸ் என்று வழங்கும் தீவையே அரபி நூல்கள் குப்ருஸ் என்கின்றன. பின்னாளில் பலாதுரியும் தம் 'புதூஹுல் புல்தான்' நூலில் இக்கடிதங்களைச் சேர்த்துக் கொண்டார்.

கடிதங்களின் பொருள் விளங்க வேண்டுமாயின், அத்தீவுடன் முஸ்லிம்களுக்கு ஏற்பட்ட உறவின் தொடக்கத்துக்குச் செல்ல வேண்டும். அந்தத் தொடக்கமும் கடிதங்களில்தான் இருக்கிறது.

கலீபா உமர் (ரலி) அவர்களின் காலத்தில் ஷாம் நாட்டை ஆண்ட முஆவியா (ரலி) அவர்கள், குப்ருஸ்மீது கடல்வழிப் படையெடுக்க அனுமதி வேண்டி மதீனாவுக்கு எழுதினார்கள். ஹிம்ஸுப் பகுதிச் சிற்றூர் ஒன்றின் மக்களுக்கு அத்தீவின் நாய்கள் குரைப்பதும் சேவல்கள் கூவுவதும் கேட்கும் அளவுக்கு அது அண்மையில் உள்ளது என்று அக்கடிதம் கூறியதாகத் தபரீ எழுதுகிறார். உண்மையில் ஷாம் கரைக்கும் அத்தீவுக்கும் இடையே சுமார் 100 கிலோமீட்டர் கடல் கிடக்கிறது. படையெடுப்புக்கு அனுமதி கேட்கும் கடிதங்களில் தூரம் சுருங்கிப் போவது அன்றும் இருந்திருக்கிறது!

உமர் (ரலி) அவர்கள் உடனே விடை எழுதிவிடவில்லை. எகிப்தின் ஆளுநர் அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களுக்கு எழுதி, கடலையும் அதில் செல்வோரின் நிலையையும் விவரித்து எழுதுமாறு கேட்டார்கள். அம்ரு (ரலி) அவர்களின் மறுமொழி, கடலை ஒரு பெரும் படைப்பாகவும் அதன்மேல் ஏறும் மனிதனைச் சிறு படைப்பாகவும் காட்டியது. அது அசையாது நின்றால் உள்ளம் கலங்கும். அசைந்தால் அறிவு தடுமாறும். மரத்துண்டின்மேல் ஒட்டிய புழுவைப் போன்றவன் கப்பலில் செல்பவன் என்பது அதன் சாரம். கடலையே முற்றமாகக் கொண்டு வாழ்ந்த நம் காயல்பட்டினத்து, கீழக்கரை முன்னோர் இதைக் கேட்டிருந்தால் புன்னகைத்திருப்பர். ஆனால் பாலைவனத்துக் குதிரை வீரர்களைப் பற்றி எழுதப்பட்ட கடிதம் அது. அதைப் படித்த கலீபா அவர்கள், ஒரு முஸ்லிமையும் தாம் அக்கடலில் ஏற்றப் போவதில்லை என்றும், ரூம் நாட்டின் செல்வம் அனைத்தையும்விட ஒரு முஸ்லிமின் உயிர் தமக்கு அருமையானது என்றும் கருத்துப்பட முஆவியா அவர்களுக்கு எழுதிவிட்டார்கள்.

இதை வெறும் கடலச்சம் என்று கொள்ளுதல் தவறு. ஹிஜ்ரி 17 இல் பஹ்ரைனின் ஆளுநர் அலா இப்னுல் ஹள்ரமி (ரலி) அவர்கள் கலீபாவின் அனுமதியின்றிக் கடல் கடந்து பாரசீகக் கரையில் படையை இறக்கினார்கள். திரும்பும் வழி அடைபட்டுப் படை நடுவில் சிக்கிற்று. பஸ்ராவிலிருந்து துணைப்படை அனுப்பி அதனை மீட்க வேண்டியதாயிற்று. முஆவியா அவர்களுக்கு எழுதிய மறுப்பில் அலா அவர்களுக்கு நேர்ந்ததை நினைவூட்டவும் கலீபா தவறவில்லை. நம் நாட்டுக் கரையோடு தொடர்புடைய இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. ஹிஜ்ரி 15 இல் (கி.பி. 636) பஹ்ரைன், உமான் பகுதிகளுக்குப் பொறுப்பேற்ற உஸ்மான் இப்னு அபில் ஆஸ் (ரலி) அவர்கள், இன்றைய மும்பையை அடுத்துள்ள தானாவுக்கு ஒரு படையை அனுப்பினார்கள். அது பத்திரமாகத் திரும்பிய பின்னரே மதீனாவுக்குத் தெரிவித்தார்கள். புழுவை மரத்தில் ஏற்றிவிட்டீரே என்னும் கண்டிப்புத்தான் விடையாக வந்தது. அவர்கள் மாண்டிருந்தால் அத்தனை பேருக்கும் ஈடாக உம் குலத்தாரிடமிருந்து பிடித்திருப்பேன் என்றும் அக்கடிதம் எச்சரித்தது. வென்று திரும்பிய தளபதிக்குப் பாராட்டுக்குப் பதிலாக இது போயிற்று. தொலைவிலுள்ள அதிகாரி ஒருவர் தம் விருப்பப்படி கடல் கடந்து போரைத் தொடங்கிவிட்டு, அதன்பின் தலைநகருக்கு அறிவிக்கும் வழக்கத்தை உமர் (ரலி) அவர்கள் முளையிலேயே கிள்ள முயன்றார்கள் என்பதே நம் கருத்து.

உஸ்மான் (ரலி) அவர்கள் கலீபாவானதும் முஆவியா அவர்கள் மீண்டும் எழுதினார்கள். உமர் என்ன விடையளித்தார் என்பது உமக்குத் தெரியுமே என்ற அளவில் முதல் விண்ணப்பம் திரும்பிற்று. அடுத்த விண்ணப்பத்துக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் விசித்திரமான ஒரு நிபந்தனையோடு. மனைவியையும் உடன் அழைத்துக்கொண்டு நீர் கப்பலேறுவதாயின் போகலாம், இல்லையேல் இல்லை! பயணம் எளிது என்று எழுதுபவர் அந்த எளிமையைத் தம் குடும்பத்தை வைத்தே மெய்ப்பிக்கட்டும் என்பதே அதன் உட்பொருள். ஆட்களைக் கட்டாயப்படுத்தியோ சீட்டுப் போட்டோ கப்பலில் ஏற்றலாகாது, விரும்பி வருவோரை மட்டுமே கொண்டு செல்ல வேண்டும் என்றொரு நிபந்தனையையும் தபரீ குறிக்கிறார்.

ஹிஜ்ரி 28 இல் (கி.பி. 649) அக்கா துறைமுகத்திலிருந்து கப்பல்கள் புறப்பட்டன. முஆவியா அவர்கள் தம் மனைவி பாகிதாவுடன் ஏறினார்கள். உபாதா இப்னுஸ் ஸாமித் (ரலி) அவர்களுடன் அவர்களுடைய துணைவியார் உம்மு ஹராம் (ரலி) அவர்களும் சென்றார்கள். இவ்வம்மையாரின் செய்தி நம் இல்லங்களில் பலரும் அறிந்ததே. பெருமானார் (ஸல்) அவர்கள் இவர்கள் வீட்டில் கண்ணயர்ந்து சிரித்தவாறே விழித்தெழுந்ததும், தம் உம்மத்தினர் கட்டிலில் அமர்ந்த மன்னர்களைப் போலக் கடலில் செல்லக் கண்டதாகக் கூறியதும், அவர்களுள் தாமும் ஒருவராக இருக்க இவர்கள் துஆச் செய்யக் கேட்டதும் ஸஹீஹான ஹதீஸ்களில் வந்துள்ளன. தீவில் இறங்கியபின் வாகனத்திலிருந்து விழுந்து ஷஹீதான அன்னாரின் அடக்கத்தலம் லார்னகா நகரின் உப்பேரிக் கரையில் உள்ளது. தீவின் மக்கள் அக்கல்லறையை ஸாலிஹான பெண்மணியின் கபுர் என்று வழங்கியதாக நம் முன்னோர் எழுதுகின்றனர்.

இந்த முதற் படையெடுப்பைப் பற்றி நம் பிரசங்கங்களில் கூறப்படுவது பெரும்பாலும் இவ்வளவே. ஆனால் வரலாறு இன்னொரு பக்கத்தையும் காட்டுகிறது. தீவின் வடமேற்குக் கரையிலுள்ள ஸோலோய் என்னுமிடத்தில், பாழடைந்த தேவாலயமொன்றைத் தோண்டியபோது கிரேக்கக் கல்வெட்டொன்று கிடைத்தது. முதற் படையெடுப்பில் சுமார் 1,20,000 பேரும், மறு ஆண்டு வந்த இரண்டாவதில் சுமார் 50,000 பேரும் பிடித்துச் செல்லப்பட்டதாக அது கூறுகிறது. எண்கள் மிகைப்படுத்தப்பட்டவையாகத் தோன்றுகின்றன. ஆயினும் கைதிகள் இருந்தனர் என்பதற்கு நம் நூல்களே சாட்சி. குப்ருஸின் கைதிகள் பிரிக்கப்பட்டு அழுதுகொண்டிருந்த வேளையில், அபுத் தர்தா (ரலி) அவர்கள் தனியே அமர்ந்து அழுதார்கள். அல்லாஹ் இஸ்லாத்துக்கு வெற்றியளித்த நாளில் அழுவதேன் என்று ஜுபைர் இப்னு நுஃபைர் கேட்டார். ஆட்சியும் வலிமையும் பெற்றிருந்த ஒரு கூட்டம் இறைவனின் கட்டளையைக் கைவிட்டதும் எந்நிலைக்கு வந்துவிட்டது பாரும் என்ற கருத்தில் அன்னார் விடையளித்தார்கள். வென்ற படையின் நடுவே ஒரு ஸஹாபி அழுத இந்தக் காட்சியை நம் முன்னோர் மறைக்கவில்லை. நாமும் மறைக்க வேண்டியதில்லை.

தீவின் தலைவர் சமாதானம் கோரினார். ஆண்டுக்கு 7,200 தீனார் தருவதென்று உடன்படிக்கையாயிற்று. அவர்கள் ரூமியப் பேரரசுக்கும் அதே அளவு கட்டி வந்தனர்; அதை முஸ்லிம்கள் தடுப்பதில்லை என்பது அவர்கள் கேட்ட நிபந்தனை. முஸ்லிம்களுக்கு அவர்கள் துணையாகவும் வரமாட்டார்கள், எதிராகவும் நிற்கமாட்டார்கள். ரூமியக் கடற்படையின் நடமாட்டத்தை மட்டும் அறிவிக்க வேண்டும். அவர்களைப் பிறர் தாக்கினால் முஸ்லிம்கள் அவர்களுக்காகப் போரிடுவதில்லை. இதுவே வாகிதீ முதலியோரின் அறிவிப்பு.

இமாம் அவ்ஸாயீ (ரஹ்) அவர்களின் அறிவிப்போ சற்று வேறானது. மொத்தம் 14,000 தீனார். இதில் 7,000 முஸ்லிம்களுக்கு, 7,000 ரூமியருக்கு. ரூமியரின் செய்தியை முஸ்லிம்களிடமும் மறைப்பதில்லை, முஸ்லிம்களின் செய்தியை ரூமியரிடமும் மறைப்பதில்லை! வாசகர்கள் இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்திக் கொள்ள வேண்டுகிறோம். பிற்காலத்தில் அத்தீவினர்மீது சுமத்தப்பட்ட குற்றமே, அவர்கள் முஸ்லிம்களின் செய்தியை ரூமியருக்குச் சொல்லுகின்றனர் என்பதுதான். அவ்ஸாயீ அவர்களின் அறிவிப்பு சரியாயின், அது குற்றமா, உடன்படிக்கையின் ஒரு ஷரத்தா?

இரண்டு யானைகளுக்கு இடையே அகப்பட்ட அச்சிறு தீவு அடுத்த நூறாண்டுகளில் பட்ட பாட்டை விரைந்து சொல்லிவிடலாம். ஹிஜ்ரி 32 இல் ரூமியருக்குக் கப்பல் கொடுத்து உதவினர் என்று முஆவியா அவர்கள் 33 இல் 500 கப்பல்களுடன் மீண்டும் சென்று போரிட்டு வென்றார்கள். ஆயினும் பழைய உடன்படிக்கையிலேயே அவர்களை விட்டார்கள். 12,000 வீரர்களைக் குடியமர்த்திப் பள்ளிவாசல்களும் ஒரு நகரமும் எழுப்பினார்கள். யஸீது அப்படையைத் திரும்ப அழைத்துக்கொண்டு நகரை இடிக்கச் சொன்னார். கி.பி. 688 இல் கலீபா அப்துல் மலிக்கும் ரூமிய மன்னர் இரண்டாம் ஜஸ்டினியனும் தீவின் வருவாயைச் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்ள ஒப்பினர். அதே அப்துல் மலிக் கப்பத்தில் 1,000 தீனார் கூட்டினார். உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அதை நீக்கினார்கள். ஹிஷாம் மீண்டும் சேர்த்தார். அப்பாஸிய மன்னர் மன்ஸூர், அவர்களை நசுக்கி நாம் செல்வம் பெருக்க வேண்டியதில்லை என்று கூறி முஆவியா அவர்களின் அளவுக்கே திருப்பினார். ஆயிரம் தீனார் ஏறி இறங்கிய கதையைக் கொண்டே அந்தந்த ஆட்சியின் குணத்தை எடைபோட்டுவிடலாம்!

வலீது இப்னு யஸீது (கி.பி. 743-744) இன்னும் ஒரு படி மேலே போனார். ஐயத்தின் பேரில் தீவினரில் ஒரு கூட்டத்தைப் பெயர்த்தெடுத்து ஷாமுக்குக் கொண்டுவந்தார். முஸ்லிம்களே அதை வெறுத்தனர். சட்ட அறிஞர்கள் கொடுமை என்றனர். அவருக்குப் பின் வந்த யஸீது இப்னு வலீது அவர்களைத் திருப்பியனுப்பினார். ஒரு மக்கள் கூட்டத்தை வேரோடு பெயர்ப்பது ரூமியரும் செய்த செயல்தான். இரண்டாம் ஜஸ்டினியனும் இதே தீவினரைத் தம் நாட்டுக் கரைக்குக் கொண்டு போய்க் குடியேற்றியிருந்தார். அதனால் அது நமக்கு ஆகுமானதாகிவிடாது என்பதே நம் அறிஞர்களின் நிலை.

இந்நிலையைத் தெளிவாக்கிய கடிதம் ஒன்று குப்ருஸ் கடிதங்களுக்குச் சற்று முந்தியது. அதை விட்டுவிட்டு மேலே செல்ல முடியாது. மன்ஸூரின் ஆட்சியில், லப்னான் மலையில் வாழ்ந்த கிறிஸ்தவர்கள், பஃலபக்கின் வரி அதிகாரியின் கெடுபிடியால் கிளர்ந்தெழுந்தனர். ஷாமின் ஆளுநர் ஸாலிஹ் இப்னு அலீ படையனுப்பி அடக்கினார். மலைமக்களில் ஒரு பகுதியினரை ஊரைவிட்டே வெளியேற்றினார். வெளியேற்றப்பட்டவர்களில் கிளர்ச்சியில் சேராதவர்களும் இருந்தனர். பெய்ரூத்தில் வாழ்ந்த இமாம் அவ்ஸாயீ (ரஹ்) அவர்கள் அந்த ஆளுநருக்கு நீண்டதொரு கடிதம் எழுதினார்கள். சிலர் செய்த குற்றத்துக்காகப் பலரை எவ்வாறு பிடிக்கலாம்? வீடுகளிலிருந்தும் உடைமைகளிலிருந்தும் எவ்வாறு துரத்தலாம்? ஒருவர் சுமையை இன்னொருவர் சுமக்கமாட்டார் என்பதல்லவா இறைவனின் தீர்ப்பு? உடன்படிக்கை செய்தவருக்கு அநீதி இழைப்பவனுக்கு எதிராகத் தாமே வழக்காடுவதாகப் பெருமானார் (ஸல்) எச்சரித்திருக்கிறார்களே? அவர்கள் நம் அடிமைகளல்லர், ஊர்விட்டு ஊர் மாற்ற. திம்மத்துப் பெற்ற சுதந்திர மக்கள். இவ்வாறு செல்கிறது அக்கடிதத்தின் கருத்து. எழுதப்பட்டவர் யார் என்பதை நினைக்க வேண்டும். ஸாலிஹ் இப்னு அலீ, கலீபா மன்ஸூரின் சிறிய தந்தை. உமையாக்களை வேரறுத்த குடும்பத்தின் தூண்களுள் ஒருவர்.

இந்த ஸாலிஹின் மகன் அப்துல் மலிக் இப்னு ஸாலிஹ்தான் நம் கடிதக் கட்டின் நாயகர். ஹாரூன் ரஷீதின் ஆட்சியில் ரூம் எல்லைக் கோட்டைகளுக்குப் பொறுப்பேற்று, ஹிஜ்ரி 173 இல் மன்பிஜ் நகரில் அமர்ந்தார். குப்ருஸில் ஏதோவொரு குழப்பம் நேர்ந்தது. உடன்படிக்கையை முறித்துப் போர் தொடுக்க அவருக்கு எண்ணம். ஆனால் படையை அனுப்புமுன் கடிதங்களை அனுப்பினார். தந்தைக்கு வந்த அவ்ஸாயீ அவர்களின் கடிதம் மகனின் நினைவில் இருந்திருக்கும் என்று எண்ண நமக்கு ஆசை. மறுமொழி எழுதியோருள் லைது இப்னு ஸஃது அவர்கள் ஹிஜ்ரி 175 இல் மறைந்துவிட்டார்கள். ஆதலால் இக்கடிதப் போக்குவரத்து அதற்கு முந்தியதாகவே இருக்க வேண்டும்.

கேள்வி எத்தனை திசைகளுக்குச் சென்றது என்று பாருங்கள். மதீனாவில் இமாம் மாலிக்; மக்காவில் ஸுஃப்யான் இப்னு உயைனா; எகிப்தில் லைது; திமிஷ்கின் காஜி யஹ்யா இப்னு ஹம்ஸா; ஹிம்ஸில் இஸ்மாயீல் இப்னு அய்யாஷ்; ஹர்ரானில் மூஸா இப்னு அஃயன்; எல்லைக் கோட்டையான மஸ்ஸீஸாவில் அபூ இஸ்ஹாக் பஸாரியும் மக்லது இப்னு ஹுஸைனும். தம் எண்ணத்துக்கு ஒத்துப் பாடும் ஒருவரைத் தேடியவர் இவ்வளவு தொலைவு ஆளனுப்ப வேண்டியதில்லை.

மிகக் கடுமையான விடை லைது (ரஹ்) அவர்களுடையது. அத்தீவினர் ரூமியருக்கு உளவு சொல்லுகின்றனர் என்று நாங்கள் நெடுங்காலமாகவே ஐயுற்று வருகிறோம். 'அன்ஃபால்' அத்தியாயத்தின் 58-ஆம் வசனம், துரோகத்தை அஞ்சினாலே உடன்படிக்கையை அவர்களிடம் வெளிப்படையாகத் திருப்பி எறிய அனுமதிக்கிறது. துரோகம் உறுதியாகும்வரை காத்திருக்கச் சொல்லவில்லை என்று வாதிட்டார்கள். ஆயினும் அக்கடுமையின் அளவைக் கவனியுங்கள். முன்னறிவிப்புச் செய்து ஓராண்டு தவணை தர வேண்டும். முஸ்லிம் நாட்டுக்கு வந்து திம்மீயாக வாழ விரும்புபவன் வரட்டும். ரூமுக்குப் போக விரும்புபவன் போகட்டும். தீவிலேயே பகைவனாக நிற்க விரும்புபவன் நிற்கட்டும். அதன் பின்னரே போர். எட்டுப் பேரில் மிகக் கடுமையானவரே பன்னிரண்டு மாத அவகாசம் கேட்கிறார்!

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் விடை, பழைய ஆவணங்களை நன்கறிந்தவரின் விடை. இவர்களுக்கு அளிக்கப்பட்ட அமான் பழமையானது. ஆளுநர் பின் ஆளுநராகக் காத்துவந்தது. அதை எந்த ஆளுநரும் முறித்ததாக நாம் காணவில்லை. ஆகவே அவசரப்பட வேண்டாம். அவர்கள்மீது ஆதாரம் நிலைபெறட்டும். தவணை முடியும்வரை உடன்படிக்கையை நிறைவேற்றச் சொல்லும் 'தவ்பா' அத்தியாயத்து வசனத்தை அன்னார் எடுத்துக் காட்டினார்கள். எச்சரித்த பின்னும் அவர்கள் திருந்தாமல், துரோகமும் வெளிப்படுமாயின், அப்பொழுது போரிடலாம். ஐயமே போதும் என்ற லைதுக்கும், ஆதாரம் வேண்டும் என்ற மாலிக்குக்கும் இடையே உள்ள தூரம்தான் இவ்வழக்கின் உயிர்நாடி.

ஸுஃப்யான் இப்னு உயைனா (ரஹ்) அவர்கள் சீறாவிலிருந்து பேசினார்கள். பெருமானார் (ஸல்) அவர்களோடு உடன்படிக்கை செய்து அதை முறித்தவர்களில், மன்னித்து விடப்பட்டோர் மக்கத்தாரே. முறித்தவனுக்குப் பாதுகாப்பில்லை என்பதே பொது விதி என்பது அவர்கள் முடிவு. மூஸா இப்னு அஃயன் அவர்களோ, இத்தகைய செயல்கள் முன்பும் நிகழ்ந்ததுண்டு, ஆளுநர்கள் பொறுத்ததுண்டு என்று தொடங்கினார்கள். தலைவர்கள் செய்ததில் பொதுமக்களுக்குப் பங்கில்லாமலும் இருக்கலாம் என்னும் வரியை எழுதியவர் இவரே. என்ன செய்திருந்தாலும் நிறைவேற்றுவதே நன்று என்று முடித்தார்கள்.

இஸ்மாயீல் இப்னு அய்யாஷ் அவர்களின் மறுமொழியே நம் உள்ளத்தை மிகவும் தொடுகிறது. மற்றவர்கள் தீவினர் என்ன செய்தனர் என்று கேட்டபோது, அவர்கள் என்ன படுகின்றனர் என்று கேட்டவர் இவர் ஒருவரே. குப்ருஸ் மக்கள் ரூமியரிடம் இழிவுபட்டு, தம்மீதும் தம் பெண்கள்மீதும் ஆதிக்கம் செலுத்தப்பட்டுக் கிடக்கின்றனர். அவர்களைக் காப்பதே நமக்குக் கடமை என்று எழுதினார்கள். ஹபீப் இப்னு மஸ்லமா (ரலி) அவர்கள் திஃப்லீஸ் மக்களுக்கு எழுதிக் கொடுத்த உடன்படிக்கையையும் சான்றாகக் காட்டினார்கள். முஸ்லிம்கள் வேறு வேலையில் இருக்கும்போது பகைவன் உங்களை அடக்கிவிட்டால், அது உங்கள் துரோகமாகக் கருதப்படாது என்பது அதன் ஷரத்து. காக்க முடியாதவன், காக்கப்படாதவனைக் குற்றம் சொல்வது எங்ஙனம்? வலீது அவர்களை நாடு கடத்தியதை முஸ்லிம்கள் வெறுத்ததையும், யஸீது திருப்பியனுப்பியதை நீதியெனக் கொண்டாடியதையும் நினைவூட்டிக் கடிதத்தை முடித்தார்கள்.

காஜி யஹ்யா, அபூ இஸ்ஹாக், மக்லது ஆகிய மூவரும் உமர் (ரலி) அவர்களின் பழைய தீர்ப்பொன்றைத் தோண்டி எடுத்தனர். ரூம் எல்லையில் அரபஸ்ஸூஸ் என்றோர் ஊர். அவ்வூரார் முஸ்லிம்களின் பலவீனங்களை ரூமியருக்குச் சொல்லி, அவர்களுடையதை மறைத்தனர் என்று உமைர் இப்னு ஸஃது (ரலி) அவர்கள் முறையிட்டார்கள். ஓர் ஆட்டுக்கு இரண்டு ஆடு, ஒரு மாட்டுக்கு இரண்டு மாடு, எப்பொருளுக்கும் இருமடங்கு கொடுத்து அவர்களை வெளியேறச் சொல்லும். மறுத்தால் ஓராண்டு தவணை கொடுத்து, அதன்பின் ஊரை இடியும் என்று கலீபா ஆணையிட்டார்கள். அவர்கள் மறுத்தனர், ஓராண்டு கழிந்தது, ஊர் இடிக்கப்பட்டது. குற்றம் ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்த ஊருக்கே இருமடங்கு ஈடும் ஓராண்டுத் தவணையும்! இதைக் காட்டியும் காஜி யஹ்யா அவர்கள், குப்ருஸாரை அவர்கள் சமாதானத்திலேயே விட்டு, அவர்கள் தரும் பணத்தால் பயன்பெறுவதே மேல் என்றார்கள். முஸ்லிம்கள் யாருக்காகப் போரிடவில்லையோ, யார்மீது முஸ்லிம் சட்டம் நடக்கவில்லையோ, அவர்கள் திம்மீகளல்லர், ஈட்டுப் பணம் தருவோர்; அவர்கள் ஒதுங்கியிருக்கும்வரை நாமும் ஒதுங்கியிருப்போம் என்று சட்ட நிலையைக் கூர்மையாகப் பிரித்துக் காட்டினார்கள். மற்ற இருவரும் அவ்ஸாயீ அவர்களின் வாக்கை எடுத்து எழுதினர். குப்ருஸார் நமக்கு ஒருபோதும் முழு விசுவாசமாக இருந்ததில்லை. எனினும் துரோகம் வெளிப்படும் வரை உடன்படிக்கையை முறித்தலாகாது என்பது அன்னாரின் முடிவு.

இவற்றையெல்லாம் எழுதிவிட்டு அபூ உபைது (ரஹ்) தம் தீர்ப்பைச் சொல்லுகிறார்கள். பெரும்பாலோர் நிறைவேற்றுமாறே கூறினர். தீவினர் அனைவரும் ஒன்றுகூடி முறித்தாலன்றிப் போரில்லை. ஒரு சிலரின் குற்றத்துக்காகப் பொதுமக்களைப் பிடிக்கலாகாது, அவர்களும் அதற்கு உடன்பட்டிருந்தாலன்றி. இதுவே ஏற்கத்தக்க கருத்து என்கிறார்கள். அதை அடுத்துத்தான் லப்னான் கடிதத்தை வைத்திருக்கிறார்கள். மகனின் கோப்புக்கு அருகே தந்தைக்கு வந்த கடிதம்!

மத்ரஸாவில் இப்பகுதியை ஓதிக் கொடுக்கும்போது, இக்கடிதங்கள் பயன்பட்டனவா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. ஆம் என்று ஒரே சொல்லில் விடையளித்தால் அது உண்மையாகாது. இரு அரசுகளுக்கும் பொதுவாய் நின்ற அத்தீவின் நிலை, கி.பி. 965 இல் ரூமியர் அதை முழுமையாகக் கைப்பற்றும்வரை, ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் பெரும்பாலும் நீடித்தது. ஆனால் ஹிஜ்ரி 190 இல் (கி.பி. 806) ஹாரூன் ரஷீதின் கடற்படைத் தளபதி ஹுமைது இப்னு மஃயூஃப் அத்தீவில் இறங்கி இடித்தார், எரித்தார். 16,000 பேரைக் கைதிகளாகக் கொண்டுவந்தார் என்றும், அவர்கள் ராஃபிகா நகரில் விற்கப்பட்டனர் என்றும், தீவின் தலைமைப் பாதிரியாருக்கு 2,000 தீனார் விலை போயிற்று என்றும் தபரீ எழுதுகிறார். விற்பனையை நடத்தியவர் ஒரு காஜி என்பதையும் அவர் மறைக்கவில்லை. அந்த வேளையில், கடிதம் எழுதிக் கேட்ட அப்துல் மலிக் இப்னு ஸாலிஹ் சிறையில் இருந்தார். ஆட்சியைக் கவர நினைத்தார் என்று அவர் மகனும் எழுத்தரும் கலீபாவிடம் சொல்ல, ஹிஜ்ரி 187 இல் அடைக்கப்பட்டவர், ரஷீத் மறைந்த பின்னரே வெளிவந்தார்.

பலாதுரி இன்னொரு செய்தியையும் தருகிறார். தீவினர் பின்னர் முஸ்லிம்களோடு நேர்மையாக நடந்துகொண்டனர், பிடிக்கப்பட்ட கைதிகளைத் திருப்பியனுப்புமாறு ரஷீத் ஆணையிட்டார், அவர்கள் திருப்பியனுப்பப்பட்டனர்.